யாருக்கும் புரியாமல் படம் எடுப்பது எப்படி?

முதலில், புது கேமரா வாங்க வேண்டாம். லடாக்குக்கு டிக்கெட்டும் போட வேண்டாம். லடாக்கில் எதை எடுத்தாலும் லடாக் என்று தெரிந்துவிடும். நம் காரியத்துக்கு அது ஆகாது. அரூபக் கலைக்கு ஒரு செல்போன், ஒரு கொல்லைப்புறம், "அங்க குனிஞ்சு என்னத்தைத் தேடறே?" என்று கேட்பவர்களைச் சமாளிக்கும் நெஞ்சுரம், இவை போதும். கொல்லைப்புறம் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு மரத்தை மதில்மேல் எட்டிப் படம் பிடிக்கலாம். வாங்கும் திட்டு அவரவர் பொறுப்பு.

எவ்வளவு கிட்டே போவது என்பதுதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம். பொருளின் ஓரம் படத்தில் தெரிகிறவரை நீங்கள் தாவரவியல் பாடப் புத்தகத்துக்குத்தான் உழைத்துக்கொண்டிருக்கிறீர்கள். காம்பு, விளிம்பு, பின்னால் தொங்கும் துணிக்கொடி எதுவும் உள்ளே வரக்கூடாது. முக்கியமாக எறும்பு. ஒரே ஓர் எறும்பு நுழைந்தாலும் அளவு தெரிந்துபோகும். விமானத்திலிருந்து எடுத்த பாலைவனம் என்று சாதிக்கும் வாய்ப்பு அதோடு போச்சு.

கொய்யா மரத்தில் ஆரம்பியுங்கள். கொய்யா பட்டை உரிக்கும் மரம். பழைய பட்டை மெல்லிய தகடாகச் சுருண்டு விழும். அடியில் வழவழவென்று பச்சை தெரியும். அந்தப் பச்சை நாளாக நாளாகச் செம்பு நிறத்துக்கு வரும், அப்புறம் பழுப்பு. எல்லாத் துண்டும் ஒரே சமயத்தில் விழுவதில்லை என்பதால் ஒரே அடிமரத்தில் மூன்று நான்கு நிறங்கள், தேசப்படத்தில் மாநிலங்களைப்போல எல்லை பிரித்துக்கொண்டு நிற்கும். மழை விட்ட கையோடு எடுங்கள், ஈரத்தில் நிறம் இன்னும் ஆழமாகும். நிறம்தான் வேண்டும் என்றால் மேகமூட்டம் நல்லது. உரியும் பட்டையின் மேடுபள்ளம் வேண்டும் என்றால் காலை வெயில் பக்கவாட்டில் விழ வேண்டும். உச்சி வெயில் இரண்டுக்கும் உதவாது. போனை மரத்துக்கு இணையாகப் பிடியுங்கள், சாய்த்தால் ஒரு பக்கம் ஃபோகஸ் தப்பும். மரம் உருண்டை, அதனால் எப்படிப் பிடித்தாலும் ஓரங்கள் கொஞ்சம் மங்கும். கேட்டால், வேண்டுமென்றே செய்தது என்று சொல்ல வேண்டும்.

அடுத்து எலுமிச்சைச் செடி. தளிர் இலையில் வெள்ளிக் கோடு ஒன்று வளைந்து நெளிந்து ஓடுகிறதா என்று பாருங்கள். இலைத்துளைப்பான் என்ற பொடி அந்துப்பூச்சியின் புழு, இலையின் தோலுக்கு அடியிலேயே தின்றுகொண்டு போன வழி அது. முட்டை பொரித்த இடத்தில் மயிரிழை அளவுதான் இருக்கும். புழு பெருக்கப் பெருக்கக் கோடும் அகலமாகும். நடுவே ஓடுகிற கறுப்பு இழை அதன் எச்சம். முடிவில் இலையின் ஓரத்தை மடித்து, உள்ளேயே கூட்டுப்புழுவாகிவிடும். ஒரு புழுவின் இளமைப் பருவம் மொத்தமும் ஓர் இலையில்! வெளிச்சத்துக்கு எதிராக இலையைப் பிடித்து எடுத்தால், 'பயணம்' என்று தலைப்பு வைக்கக் கை துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். 'தலைப்பில்லாதது - 4' என்பதே மரபு. முதல் மூன்றும் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேப்பெண்ணெய்க் கரைசலோடு வரும் வீட்டாரை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

கேலி அளவு மீறினால் முன்னோர்களை இழுங்கள். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் பல ஆண்டுகள், நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜில் இருந்த குடும்ப வீட்டிலிருந்து மேகங்களைப் படமெடுத்தார். போகப்போக மலையையும் அடிவானத்தையும் விலக்கி, எது மேல் எது கீழ் என்றே தெரியாமல் செய்துவிட்டார். எட்வர்ட் வெஸ்டன் 1930இல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. என்னைக் கேட்டால் அது அரூபமே இல்லை, பார்த்ததும் குடைமிளகாய் என்று தெரிகிறது. ஆனாலும் வாதத்துக்கு உதவும். இருவரும் அமெரிக்கர்கள் என்பதால் வீட்டில் மரியாதையும் கொஞ்சம் கூடும். வெஸ்டனைப் பின்பற்ற விரும்புகிறவர்கள் சமையல் ஆரம்பிக்கும் முன்பே காயைக் கைப்பற்றிவிட வேண்டும்.

படம் தேறியதா என்று அறியக் குடும்ப வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விளக்கம் எதுவும் எழுதாமல் போடுங்கள். "தேமலா? டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று சித்தப்பா கேட்டால் நீங்கள் கலைஞர். "நம்ம கொய்யா மரம்தானே, காய் பிடிச்சிருக்கா?" என்று அத்தை கேட்டால் இன்னும் நாலு விரற்கடை கிட்டே போக வேண்டும்.

கடைசியாக, வடக்குச் சுவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் காம்பவுண்டு சுவரில் பாசி படரும். குளிர் மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் வடக்கு முகத்தில் வெயில் படுவதில்லை. பச்சை நின்று நிதானமாக ஊறும். காய்ந்த இடம் கறுப்பாகி, தண்ணீர் வழிந்த தடம் தனியே தெரியும். உரிந்த பெயின்ட்டையும் கறைபட்ட சுவரையும் வைத்தே ஆரன் சிஸ்கைண்ட் பேர் வாங்கினார், அவருக்கும் இதைவிட நல்ல சுவர் கிடைத்திருக்காது. ஆனால் உங்களுக்கு இருக்கும் அவகாசம் மார்கழி வரைதான். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பார்கள். "அண்ணே, வடக்குச் சுவரைக் கடைசியா வெச்சுக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் சுவரைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், "பாசி சுரண்டறதுக்குத் தனிக் கூலி ஆகும் தம்பி" என்பார். பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். பாதிச் சுவர் சுரண்டியதும் தகட்டின் தடங்கள் பிரமாதமாக இருக்கும். அப்போது வேலையை நிறுத்தி, அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டிவரும்.