மறுமதிப்பீட்டின் கருணை

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்தடத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரிகளில் பயின்றோரின் நினைவில், ஆய்வகப் பதிவேட்டை வீசியெறிந்த ஆசிரியரும், அகமதிப்பெண்ணை, அதாவது கல்லூரியே வழங்கும் மதிப்பெண்ணை, பிரம்பாகப் பயன்படுத்திய ஆசிரியரும் நிலைத்திருப்பினும், விடைத்தாளைத் திருத்திய முகமறியா ஆசிரியருக்கே கொடியவர் என்ற பட்டம் பெரும்பாலும் சூட்டப்படுகிறது. அவருக்கு எதிரான முறையீடு மறுமதிப்பீடு எனப்படும். கட்டணம் செலுத்தினால் அதே விடைத்தாளை வேறொருவர் திருத்துவார். 2017 ஏப்ரல்–மே தேர்வுகளுக்குப் பின் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு முறையிட, 73,000-க்கும் மேற்பட்டோர் தேர்ச்சி பெற்றனர்; விடைத்தாளில் ஓர் எழுத்தும் மாறாதிருக்க அறிவு மட்டும் வளர்ந்த இவ்வற்புதத்தில் கையூட்டும் கலந்திருந்ததென்று லஞ்ச ஒழிப்புத் துறை 2018-இல் வழக்குப் பதிந்ததால், நேர்மையாக மதிப்பெண் கூடியவரும் உறவினர்முன் விளக்கம் சொல்ல நேர்ந்திருக்கும். 2020 ஆகஸ்டில், பெருந்தொற்றை முன்னிட்டு, அரியர் எனப்படும் நிலுவைத் தாள்களுக்குக் கட்டணம் செலுத்தியோர் தேர்ச்சி பெறுவர் என அரசு அறிவித்ததில் திருத்துபவரே தேவையற்றுப் போனார். உயர்நீதிமன்றம் பின்னர் அதனை ஏற்கவில்லை. ஆளெடுக்கும் ஆலைகளோ பட்டச் சான்றைப் பணிவுடன் பெற்றுக்கொண்டு, தமக்கென ஒரு தேர்வையும் நடத்துகின்றன. அதற்கு மறுமதிப்பீடு கிடையாது.