வாலிடேஷன் அண்ணன்

ஐ.டி. கம்பெனியில் எந்த டீமை எடுத்தாலும் இப்படி ஒருத்தர் இருப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் எச்.ஆர். ரெக்கார்டோடு சரி, ஆபீஸுக்கு அவர் வாலிடேஷன் அண்ணன். வெண்டர் அனுப்பும் எக்செல், கிளையன்ட் தள்ளிவிடும் சி.எஸ்.வி., எதுவானாலும் அண்ணனைத் தாண்டித்தான் டேட்டாபேஸுக்குள் போக வேண்டும். பாத்திரக் கடையில் குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் போல ஃபைலைத் தட்டிப் பார்ப்பார். "வெண்டர் க்ளீன் பண்ணித்தான் அனுப்பியிருக்காராம்ண்ணே" என்று ஜூனியர் பையன் வாய்விட்டால் போச்சு. அன்றைக்கு அண்ணனுக்கு மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான்.

முதலில் பிறந்த தேதிகள். கஸ்டமர்களில் ஒரு பெருங்கூட்டம் 1970 ஜனவரி 1 அன்று பிறந்திருக்கும். கம்ப்யூட்டர்கள் பலவும் நேரத்தை அந்த நாளிலிருந்துதான் எண்ணுகின்றன. தேதி காலியென்றால் பூஜ்யம், பூஜ்யமென்றால் அந்த நாள். இன்னொரு கூட்டம் ஜூன் 1. ஸ்கூலில் சேர்க்க வயசு நிரம்ப வேண்டுமே என்று போட்ட தேதி. "இது கம்ப்யூட்டர் பெத்த பிள்ளைங்க, அது ஹெட்மாஸ்டர் பெத்த பிள்ளைங்க" என்று பிரித்து வைப்பார். முதல் கூட்டத்துக்கு உள்ளே இடமில்லை. இரண்டாவதை விட்டுவிடுவார், ஆதார், பான் எல்லாவற்றிலும் அதே ஜூன் 1தானே. எல்லா இடத்திலும் ஒரே பொய்யாக இருந்தால் அண்ணன் அதை மதிப்பார்.

பெயர்கள் வந்தால்தான் கச்சேரி களைகட்டும். கௌசல்யா, கெளசல்யா. இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். முதலாமவரிடம் இருப்பது ஔகாரக் குறி. இரண்டாமவருக்கு ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' எழுத்தையே அடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு ஒரே அம்மாள். கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர், இரண்டு லோன். அடித்தவர்களை அண்ணன் திட்டமாட்டார். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கடைப் பலகை வரை ஊரே அப்படித்தானே அடிக்கிறது. அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறார், பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்வதைவிட அதைப் பற்றி அதிகம் சொல்வார்.

வெண்டரோடு அவர் போனில் பேசுவதைக் கேட்க வேண்டும்.

"சார், அக்கவுன்ட் நம்பர் எல்லாம் இ+15னு முடியுதே சார்."

"ஃபார்மேட்டை நம்பர்னு மாத்துங்க, முழுசா தெரியும்."

"மாத்தினேன் சார். 16 இலக்கத்துல கடைசி இலக்கம் எல்லாருக்குமே பூஜ்யமா இருக்கு."

"ரவுண்டா இருக்கட்டுமே, என்ன இப்போ?"

அண்ணன் போனை வைத்துவிட்டு ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தார். எண்ணாகப் போட்டால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. சேவ் செய்தபின் போன இலக்கம் போனதுதான், தலைகீழாக நின்றாலும் வராது.

எக்செல் மேல் அவருக்கு இருப்பது கோபமல்ல, பயபக்தி. கேன்டீனில் புதுப் பையன் மாட்டினால் மரபணுக் கதை ஆரம்பிக்கும். மனித மரபணுக்கள் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்1 என்றெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். எக்செல் அவற்றைத் தேதியாக்கிக்கொண்டே இருந்தது. ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு வந்த பட்டியல்களில்கூட தேதிகள். 2020இல் பெயரிடும் குழுவின் புது விதிமுறை வெளியானபோது அவை மார்ச்எஃப்1, செப்டின்1 ஆகியிருந்தன. "ஜீன் பேரை மாத்திட்டான், எக்செலை மாத்த முடியல, பாத்தியா?" என்பார் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி.

இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜான் போஸ்டல், நீ அனுப்புவதில் கறாராக இரு, பிறர் அனுப்புவதைத் தாராளமாக ஏற்றுக்கொள் என்ற பொருளில் 1980இல் டி.சி.பி. விதிமுறையில் எழுதிவைத்தார். மேனேஜருக்கு இது மனப்பாடம். டெட்லைன் நெருங்கினால் எடுத்துவிடுவார். அண்ணன் மறுத்துப் பேசமாட்டார். "பெரிய மனுஷன் சார். அவர் பழகினது நல்லவங்களோட" என்று மட்டும் சொல்வார்.

இவ்வளவு சந்தேகம் பிடித்தவர் ஒரு வரியைக்கூட அழித்ததில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. உதவாத வரிகளைத் தனி டேபிளில், வந்தது வந்தபடி, காரணத்தையும் எழுதி வைப்பார். அழிக்கிறவர்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறார்கள், ப்ரமோஷனும் வாங்குகிறார்கள்.

போன வருஷம் அண்ணனையும் ஆன்சைட் அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். நம்மில் பாதிப் பேருக்கு அது ஏது? அமெரிக்க விசாவில் அவர் பெயரைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துவிட்டார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கிளையன்ட் ஆபீஸ் பேட்ஜிலும் அதுவே ஏறி, அங்கே எல்லாரும் அவரை "ஹாய் ஃப்னு" என்று கூப்பிடுகிறார்களாம். மனுஷன் கொதித்துப்போயிருப்பார் என்று நினைத்து போன் செய்தோம்.

"காலியா விடாம டிஃபால்ட் வேல்யூ போட்டிருக்கான் பாரு. விஷயம் தெரிஞ்சவன்டா" என்றார்.