கட்டளைக்கு முன் ஒரு மெய்க்கீர்த்தி

டெர்மினலில் ஒரு வரி அடித்தால் ஒரு விடை வரவேண்டும். விற்பனைக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால், அதில் தவறான வரிகள் எத்தனை என்று சொல்லும் சின்னக் கட்டளை ஒன்றை எழுதுகிறோம் என்று வையுங்கள். உள்ளே வேலை பார்ப்பவை மூன்றே வகுப்புகள்: கோப்பைப் படிக்க ஒன்று, சரிபார்க்க ஒன்று, விடையை அச்சிட ஒன்று. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்துவைக்க ஜாவாக்காரர்கள் பலரும் அழைப்பது ஸ்பிரிங் பூட்டைத்தான். அழைத்தவர்களை அது வெறுங்கையோடு அனுப்பியதே இல்லை. அந்தக் கொடையைப் பாடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

கேட்டது மூன்று பொருள்களின் இணைப்பு. அதோடு அது நிற்பதில்லை. இவருக்கு மின்னஞ்சல் வேண்டியிருக்குமோ, கேஷ் வேண்டியிருக்குமோ, செய்தி வரிசை வேண்டியிருக்குமோ என்று நூற்றுக்கும் மேற்பட்ட தானியங்கி அமைப்புகளை நிபந்தனை பார்த்துக் கழித்த பிறகே அப்பால் நகரும். தரவுதளத்தில் ஒரே ஒரு வினவல் போதும் என்று அதற்கான ஸ்டார்ட்டரைச் சேர்த்தால், இணைப்புகளைச் சேர்த்துவைக்கும் ஹிகாரி தன் இயல்பான அளவுப்படி 10 இணைப்புகளைத் திறந்துவைக்கப் புறப்பட்டுவிடும். அலுவலகத்தின் பொது மாட்யூல் வழியாக வெப் ஸ்டார்ட்டரும் கூடவே வந்துவிட்டதா? டாம்கேட் சர்வர் எழுந்து 8080 போர்ட்டில் அமர்ந்துகொள்ளும். வரி எண்ணி முடித்த பிறகும், யாராவது எதையாவது கேட்கக்கூடும் என்று அங்கேயே காத்திருக்கும். அந்த நேரத்தில் அதே கட்டளையை இன்னொரு டெர்மினலில் ஓட்டினால், போர்ட்டை வேறொருவர் பிடித்திருக்கிறார் என்று அறிவித்துவிட்டு, ஒரு வரிகூட எண்ணாமல் விலகிக்கொள்ளும். முன்னால் வந்தவருக்கு இடம்விடும் பண்பு அதற்கு இயல்பிலேயே இருக்கிறது.

மரபு காப்பதிலும் அதற்கு நிகரில்லை. சோழர் கல்வெட்டுகளில் முதலாம் ராஜராஜன் காலம் தொட்டு ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிக்க 96 ஆடுகள் கொடுத்த செய்திதான் என்றாலும், கல்லில் முதலில் வருவது மன்னனின் மெய்க்கீர்த்தி. அவன் வென்ற நாடுகள், அவன் பட்டங்கள், ஆட்சியாண்டு எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் ஆடு வரும். ஸ்பிரிங் பூட் இந்த முறையைக் கட்டளைவரிக்குக் கொண்டுவந்திருக்கிறது. முதலில் எழுத்துக்குறிகளாலேயே பெரிதாக வரைந்த தன் பெயர்ப்பலகை. கீழே பதிப்பு எண். பிறகு எந்த ஜாவாவில், எந்தப் ப்ராசஸ் எண்ணில், எந்தப் பயனரின் பெயரில் எழுந்தருளியது என்ற விவரம். எழுந்தருள எத்தனை நொடி பிடித்தது என்பதையும் மில்லிநொடி சுத்தமாகச் சொல்லிவிடும். தன் தாமதத்தைத் தானே எழுதிக்கொடுக்கும் நேர்மை எத்தனை மென்பொருளுக்கு உண்டு? இத்தனைக்கும் பிறகு நம் ஆடு வரும்: தவறான வரிகள் 14.

கல்வெட்டைப் படிப்பவர் மனிதர். கட்டளையின் விடையைப் படிப்பது பெரும்பாலும் இன்னொரு கட்டளை. டக் மெக்கில்ராய் விடாமல் வற்புறுத்தி, கென் தாம்சன் 1973-இல் யூனிக்ஸில் பைப்பைச் சேர்த்த நாளிலிருந்து ஒன்றின் வெளியீடுதான் அடுத்ததன் உள்ளீடு. ஸ்பிரிங்கின் பெயர்ப்பலகையும் லாக் வரிகளும், நாம் மாற்றிவைக்காதவரை, விடை போகிற அதே வழியிலேதான் போகின்றன. ஆகவே பின்னால் நிற்கும் வரிசைப்படுத்தும் கட்டளை, நம் விடையோடு ஸ்பிரிங்கின் புகழையும் சேர்த்து வரிசைப்படுத்திக் கொடுக்கும். ஜேசான் வரும் என்று காத்திருக்கும் கட்டளை மட்டும் பெயர்ப்பலகையின் முதல் குறியிலேயே நின்றுவிடும். பெயர்ப்பலகையை அணைக்க ஓர் அமைப்பு இருக்கிறது. லாக்கைப் பிழை வழிக்குத் திருப்ப இன்னொரு கோப்பு எழுதலாம். வெப் சர்வர் வேண்டாம் என்று சொல்லவும் ஒரு வரி உண்டு. எதையும் ஸ்பிரிங் தடுப்பதில்லை. ஒவ்வொன்றையும் நாமே தேடித் தெரிந்துகொள்ளும் சுதந்திரத்தை நமக்கே விட்டிருக்கிறது.

பெரிய வேலை, சின்ன வேலை என்று அது பேதம் பார்ப்பதும் இல்லை. ஒரு லட்சம் வரியைச் சரிபார்க்கச் சொன்னாலும், ஹெல்ப் என்று கேட்டு உதவிக்குறிப்பை மட்டும் காட்டச் சொன்னாலும், வழக்கமாக எழுதும் முறையில், பொருள்களை உண்டாக்கி இணைக்கும் கண்டெய்னர் முழுவதும் ஒரே மாதிரிதான் கட்டப்படும். எல்லாப் பொருளும் பிறந்த பிறகே நாம் அடித்த சொல்லை யாராவது படிப்பார்கள். அந்தப் பொருள்களுக்கு நடுவே ஜேபிஏ இருந்து, தரவுதளத்தின் கடவுச்சொல்லும் நேற்று மாறியிருந்தால், உதவிக்குறிப்புக்குப் பதிலாக நீண்ட ஸ்டாக் ட்ரேஸ் வரும். எந்தப் பொருளை உண்டாக்க எது தேவைப்பட்டது, அதற்கு எது தேவைப்பட்டது என்று வேர்வரை அதில் படிக்கலாம். உதவி கேட்டு வந்தவருக்கு இவ்வளவு ஆழமான கல்வி வேறெங்கே கிடைக்கும்?

இன்னொரு குணம், பெருந்தன்மை. இதைச் சற்று நின்று சொல்லவேண்டும். யூனிக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. பூச்சியம் என்றால் நலம். வேறு எது வந்தாலும் கோளாறு. நடுநிசியில் கிரான் ஓட்டும் கட்டளை தன் தோல்வியைச் சொல்லப் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் நம்பியிருக்கிறது. ஸ்பிரிங் பூட்டில் அதற்கென்றே எக்ஸிட்கோட்ஜெனரேட்டர் என்று ஓர் இன்டர்ஃபேஸ் உண்டு. அதை ஒழுங்காக எழுதி 3 என்று திருப்பித் தந்தாலும், மெயினில் ஸ்பிரிங்கின் எக்ஸிட்டை அழைத்து, அது தரும் எண்ணை வாங்கிச் சிஸ்டம் எக்ஸிட்டிடம் நாம் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால், ப்ராசஸ் பூச்சியத்தோடு அமைதியாக விடைபெற்றுவிடும். நம் தோல்வியை ஊரறியச் செய்யக்கூடாது என்ற எண்ணம்போலும். காலையில் கணக்கு உதைக்கும். இரவின் பதிவுகளோ எல்லாம் நலம் என்றே இருக்கும்.

இதே இணைப்பு வேலைக்காகக் கோ மொழியில் ஊபர் உருவாக்கிய எஃப்எக்ஸிடம் நான் காண்பது விசுவாசம். ரன் என்று அழைத்துவிட்டால் வேலை முடிந்தாலும் அது போவதில்லை. யாராவது கண்ட்ரோல் சி அடித்து விடைகொடுக்கும்வரை நிற்கும். தானாகப் போகவேண்டுமென்றால் ஷட்டவுனரிடம் சொல்லிவைக்க வேண்டும். எந்தப் பொருளை எது தந்தது என்று வரிக்கு வரி எழுதியும் காட்டும். அவற்றைப் பிழை வழியில் எழுதி, விடையின் வழியைக் கெடுக்காமல் விடுகிறது. இதை மட்டும் எந்த உள்ளர்த்தமும் இல்லாமல் மெச்சுகிறேன்.

ஸ்பிரிங் பிறந்த இடம் சர்வர். 2002-இல் ராட் ஜான்சன் எழுதிய ஜே2இஇ புத்தகத்தோடு வந்த நிரலே அதன் வித்து. முதல் பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்ற பெயரை நிலைநிறுத்தியது அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபௌலர் எழுதிய கட்டுரை. உனக்கு வேண்டியதை நீயே உள்ளே உண்டாக்காதே, வெளியிலிருந்து வாங்கிக்கொள் என்னும் அந்த யோசனைக்கு நிகரானவை இந்தத் தொழிலில் அதிகம் இல்லை. மாதக்கணக்கில் அணையாமல் ஓடும் சர்வருக்கு, எழுந்திருக்க இரண்டு நொடி என்பது கணக்கிலேயே சேராது. இமைப்பொழுதில் முடியவேண்டிய கட்டளைக்கும் அதே இரண்டு நொடியை ஸ்பிரிங் குறைவின்றித் தருகிறது. ஷெல்லில் ஒரு லூப் போட்டு 500 கோப்புகளுக்கு அதை அழைத்தால் ஆயிரம் நொடி. பதினாறு நிமிடத்துக்கு மேல். அத்தனையும் எழுந்தருளும் நேரம் மட்டுமே.

மெயினில் மூன்று முறை நியூ எழுதி, ஒன்றை மற்றதன் கன்ஸ்ட்ரக்டருக்குள் கொடுத்துவிடுபவர்கள் செய்வதும் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன்தான். மார்க் சீமன் அதற்குப் ப்யூர் டிஐ என்று பெயர் வைத்திருக்கிறார். மேலே சொன்ன பேறுகளில் ஒன்றும் அவர்களுக்குக் கிட்டுவதில்லை. பெயர்ப்பலகை இல்லை, பத்து இணைப்பு இல்லை. ஒரு பொருளைக் கொடுக்க மறந்தால், ஓட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் இல்லாமல், கம்பைலர் அங்கேயே ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறது. சோதனையில் போலிப் பொருளை வைக்கவும் அதே கன்ஸ்ட்ரக்டர் போதுமாகிவிடுகிறது.

தாமதத்துக்கும் ஸ்பிரிங் மருந்து கண்டிருக்கிறது. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3.0, கிரால்விஎம்மைக் கொண்டு நம் கட்டளையை இயந்திர மொழிக் கோப்பாகவே கட்டித்தரும். கட்ட நிமிடக்கணக்கில் ஆகும், நினைவகத்தையும் கிகாபைட் கணக்கில் கேட்கும். கட்டியானதும் இமைக்கும் நேரத்தில் எழும். அதற்காக ஸ்பிரிங் செய்யும் வேலை வெகு நுட்பமானது. எந்தப் பொருளுக்கு எது வேண்டும் என்று ஓடும்போது தேடாமல், கட்டும்போதே தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை ஜாவா நிரலாகத் தன் கையாலேயே எழுதிவைக்கிறது. அந்தக் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். நாம் எழுதிய ஒவ்வொரு வகுப்புக்கும் அங்கே ஒரு நியூ இருக்கும். அதன் கன்ஸ்ட்ரக்டருக்குள் அதற்கு வேண்டிய மற்றப் பொருள்கள் இருக்கும்.