சாய்ந்த மரத்தில் சம்பாதிப்பது எப்படி?

புயல் கரையேறிய மறுநாளே வேலையில் இறங்கிவிடலாம் என்று நினைப்பவர் இந்தத் தொழிலுக்குப் புதுசு. 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறிய கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் தென்னந்தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. மெஷின் வாள், கயிறு, டிராக்டர் சகிதம் போய் நின்றால் தோப்புக்காரர் ஒரு மட்டையைக்கூடத் தொடவிட மாட்டார். வி.ஏ.ஓ. வந்து எண்ண வேண்டும். எண்ணி எழுதினால்தான் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய். ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. அந்த 500 ரூபாய் நமக்குத்தான் வரும் என்று நீங்கள் மனக்கணக்குப் போடலாம், தப்பில்லை. அவர் கணக்கில் அது எப்போதோ கூட்டுறவு வங்கிக் கடனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்தது விலை பேசுவது. எல்லார் மரமும் ஒரே ராத்திரியில் விழுந்தால் யார் மரத்துக்கும் விலை கிடையாது. இது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கக் கூடாது. சாவு வீட்டுக்குப் போவதுபோல் போய், கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும். பிறகு,

"மரத்துக்கு என்னண்ணே எதிர்பார்க்குறீங்க?"

"நீயே பார்த்துப் போட்டுக் குடு தம்பி."

"நீங்கதாண்ணே எனக்குக் குடுக்கணும்."

மூன்றாவது வரியைச் சொல்வதற்கு முன் வரப்பைத் தாண்டி நின்றுகொள்வது உசிதம்.

இனி அறுவை. நிற்கிற மரத்தை வெட்டியே பழகிய ஆள், சாய்ந்த மரத்தைச் சுலபம் என்பார். அவரை வேலைக்கு வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் தாங்கலோடு கிடக்கிற மரத்தின் மேற்புறம் நசுங்கிக்கொண்டிருக்கும், அடிப்புறம் இழுபட்டுக்கொண்டிருக்கும். மேலே கொஞ்சம் அறுத்துவிட்டு, மிச்சத்தைக் கீழிருந்து முடிக்க வேண்டும். முழுக்க மேலிருந்தே இறக்கினால் மரம் வாளைக் கடித்துக்கொள்ளும். பாதி நாள் வாளை மீட்பதிலேயே போகும். நுனி அந்தரத்தில் தொங்கினால் இதெல்லாம் தலைகீழ். வேரோடு பிடுங்கிய மரத்தில் இன்னொரு விசேஷம்: தண்டை அறுத்த கையோடு, மண்கட்டியோடு அண்ணாந்து நிற்கும் வேர்ப்பாகம் திரும்பப் போய்க் குழியில் உட்காரும். அந்தக் குழியோரம்தான் நிழலாக இருக்கிறது என்று உங்கள் ஆட்கள் டீ டம்ளரோடு உட்கார்ந்திருப்பார்கள். முதலில் அவர்களைக் கிளப்புங்கள்.

வாளிலிருந்து விழும் தூளையும் கவனியுங்கள். துருவலாக விழுந்தால் செயின் கூராக இருக்கிறது. மாவாக விழுந்தால் அரத்தை எடுக்கும் நேரம். தென்னையில் அடிக்கடி மாவுதான். வெளிவட்டம் இரும்பு, நடுவே சோறு. முற்றிய மரத்தின் அடிப்பாகம் சட்டத்துக்குத் தேறும், மிச்சமெல்லாம் செங்கல் சூளைக்கு. தேறாது என்று தோப்பிலேயே விட்டுவிட்டு நழுவப் பார்க்காதீர்கள். மக்குகிற தண்டில் காண்டாமிருக வண்டு குடும்பம் நடத்தி, தப்பிப் பிழைத்த நாலு மரத்தின் குருத்தையும் குடையும். அந்தப் பழி புயல்மேல் விழாது, உங்கள்மேல்தான் விழும்.

தோப்போரத்தில் ஒரு தேக்கு கிடந்தால் முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாமல் நாடாவை எடுங்கள். சுற்றளவில் கால் பங்கை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கினால் கன அடி. 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. அசல் உருளைக் கணக்குப் போட்டால் 12.7 வரும். அந்த 2.7 உங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தபடி மரவாடிக்குப் போவீர்கள். வாடிக்காரரும் அதே நாடாவை, அதே கணக்கோடு எடுப்பார். கோடாலியின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டி, "காத்துல முறுக்குன மரம், உள்ள வெடிப்பு இருக்கும்" என்று அதிலும் கொஞ்சம் கழிப்பார். இருக்கவும் கூடும் என்பதுதான் வயிற்றெரிச்சல். தேக்கை லாரியில் ஏற்றுமுன் வனத்துறை பாஸ் கையில் இருக்கட்டும். மரம் தானாக விழுந்தது என்பது செக்போஸ்டில் செல்லாது.

பலா கிடைத்தால் அதிர்ஷ்டம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டிப் பலாக்களைச் சாய்த்தது. மிருதங்கமும் வீணையும் ஆகிற மரம் அது. வாத்தியக்காரர்களை முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தால் ஒழிய, அதுவும் விறகு எடைக்குத்தான் போகும்.

கடைசியாக, சூளைக்காரர். எடைமேடைச் சீட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "ஊர்ல எல்லாரும் மரத்தோடதான் வர்றாங்க, காசுக்குப் பொங்கல் கழிச்சு வாங்களேன்" என்பார். எந்த வருஷத்துப் பொங்கல் என்று அப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.