உன் பவுசும் ஒத்த டாலரும்

ஏலே மருமவனே, தேனிலவுக்கு மாலத்தீவா? போயிட்டு வா. தூத்துக்குடித் தோணியில பல்லாரியும் தக்காளியும் ஏத்திக்கிட்டு நான் போன ஊருதான். நான் மாலே துறைமுகத்தோட திரும்பிட்டேன். நீ தண்ணி மேல கட்டுன வீட்டுல படுக்கப் போற. பவுசுக்குத் தக்கன டிப்ஸ் குடுக்கணும்லா?

அங்க 100 டாலருக்குத் தின்னா பில்லு 100-ல நிக்காது. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதையும் சேத்து அதுமேல வரி 17 சதவீதம். ஆக 128 டாலர் 70 சென்ட். ரிசார்ட்டுல தலைக்கு நாளுக்கு 12 டாலர் பசுமை வரி வேற. இம்புட்டையும் கார்டைத் தேச்சு மூச்சுக் காட்டாமக் கட்டிருவ. ரூம் பையனுக்கு 2 டாலர் நீட்டணும்னாத்தான் உனக்குச் சிக்கனம் ஞாபகம் வரும்.

"அதான் சர்வீஸ் சார்ஜ் கட்டியாச்சே மாமா"ம்ப. நியாயந்தான். அதை வேலைக்காரங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணும்னு அந்த நாட்டுச் சட்டமே சொல்லுது. டிப்ஸ் கட்டாயமும் இல்ல. ஆனா அது எல்லாருக்கும் பங்காகுற காசு. நீ கட்டில்ல கொட்டுன கடல்மண்ணைத் தட்டிப் போட்டு, துண்டை அன்னமா மடிச்சு வைக்கானே, அவனுக்குன்னு தனியா என்ன போச்சு? அன்னத்தைப் பத்துப் போட்டோ எடுப்ப. மடிச்சவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு கேட்டா முழிப்ப.

அவன் வங்காளதேசத்துக்காரனா இருப்பான், சிலோன்காரனா இருப்பான், நம்ம பக்கத்துப் பயலாவும் இருப்பான். தமிழ் பேசிட்டான்னா "தம்பி எந்த ஊரு"ன்னு தோள்ல கையப் போட்டு, அந்தப் பாசத்துலயே டிப்ஸை முழுங்கிராத.

கடைசி நாள் மொத்தமாத் தரலாம்னும் இருக்காத. அன்னைக்கு வேற ஆளு வருவான். தினம் காலையில தலையணை மேல 2, 3 டாலரை, நன்றின்னு ஒரு சீட்டோட வை. சீட்டு இல்லாட்டி, மறந்து வச்ச காசுன்னு தொட மாட்டான். பெட்டி தூக்குறவனுக்குப் பெட்டிக்கு 1 டாலர். அடுப்படியில வேகுறவனை நீ பாக்கப் போறதில்ல. வரவேற்புல டிப்ஸ் பெட்டி இருந்தா அதுல போடு.

"அஞ்சு ஸ்டார் போட்டுருதேன்"ம்பியே? போடு, பேரையும் எழுது, மேலதிகாரிகிட்ட அவனுக்கு மதிப்பு. ஆனா ஸ்டாரை ஊருக்கு அனுப்பி வீட்டு வாடகை கட்ட முடியாதுலே.

சென்ட்டுக் காசு வேண்டாம், மாத்த முடியாம அவன் திண்டாடுவான். கிளம்பும்போதே ஒத்த டாலர் நோட்டா 20, கிழிசல் கிறுக்கல் இல்லாம வாங்கிக்கோ. வாங்கி உன் பெஞ்சாதி கையில குடுத்துரு. உன் பையில இருந்தா அத்தனையும் பத்திரமாத் தூத்துக்குடிக்கே திரும்பி வந்துரும்.