ஆட்டிசத்துக்கு ஓய்வு வயது எப்போது?

அனுப்புநர்: சிறப்புக் குழந்தைகள் பயிற்சி மையப் பொறுப்பாளர், நெய்வேலி நகரியம்.

பெறுநர்: மாற்றுத்திறனாளிகள் நலத் திட்டங்களை வகுக்கும் மேலிடம்.

பொருள்: ஆட்டிசம் மையங்களுக்கான மானியம் – மையம் உயிரோடு இருக்கும்போதே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் அனுப்பி, தங்கள் பார்வைக்கு வராத கடிதங்கள்.

ஐயா / அம்மையீர்,

முதலில் நன்றி. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களைப் பட்டியலிட்டபோது அதில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் தலைகாட்டியது. 2016ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்றாக நாற்காலியே கிடைத்துவிட்டது. குழந்தைக்கு உரிமை வந்தாயிற்று. தினமும் காலையில் அந்தக் குழந்தையைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவரும் டீச்சருக்குச் சம்பளம் யார் தருவது என்பது மட்டும் விட்டுப்போயிற்று. அவ்வளவு பெரிய சட்டத்தில் ஒரு வரி விடுபடுவது சகஜம்.

எங்கள் ஊருக்குத் தோண்டுவது புதிதல்ல. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்து கன மீட்டருக்குக் குறையாமல் மேல்மண்ணை அள்ளிக் கொட்டுகிறோம். மானியத்துக்கும் அள்ளுகிறோம்: வாடகை ஒப்பந்தம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, தணிக்கை அறிக்கை, ஆசிரியர்களின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண். சுரங்கத்திலாவது மண்ணுக்கு அடியில் கரி இருக்கும்.

ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர், டீ கூட வேண்டாம் என்றார். அவர் போன் பேச வெளியே போன நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வருகைப் பதிவேட்டின் கட்டங்களில் குத்த ஆரம்பித்துவிட்டான். ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை. பக்கம் முடிந்ததும் மைப்பெட்டியை மூடி, துணியால் விரலைத் துடைத்துக்கொண்டு இடத்தில் போய் உட்கார்ந்தான். பதிவேடு செல்லாது என்று சொல்லிவிட்டார் அதிகாரி. அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீடு என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அதில் ஒரே ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாமும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கில் ஸ்டாம்பு குத்தும் வேலை ஏதாவது காலியானால் சொல்லியனுப்புங்கள். கோப்பு தேங்காது.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. போக்குவரத்துக்கு என்று அதில் ஒதுக்கியிருப்பது 1,000 ரூபாய். முட்டுக்காட்டிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் எங்களுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். பஸ் ஹாரன் தாங்காத பிள்ளையை வாடகைக் காரில்தான் கூட்டிப்போக முடியும். புதுச்சேரி தாண்டுவதற்குள் வருடாந்தர ஒதுக்கீடு தீர்ந்துவிடும். பாக்கி வழியும் திரும்பும் வழியும் பெற்றோர் பொறுப்பு.

ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 வந்தால் கட்டடங்களுக்கு நீல விளக்குப் போடுகிறார்கள். தென் மாநிலங்களில் எரியும் அந்த விளக்குகளில் எங்கள் கரிக்கும் பங்கு உண்டு, பெருமைதான். மேடையில் எங்கள் டீச்சர்களைத் தெய்வம் என்கிறார்கள். தெய்வத்துக்கு பி.எஃப். பிடிக்க வேண்டியதில்லை, இ.எஸ்.ஐ. வேண்டியதில்லை. போன ஜூனில் ஒரு தெய்வம் ஜவுளிக்கடை பில்லிங்கில் சேர்ந்துவிட்டது. சம்பளம் கூடுதலாம்.

இந்த நகரியத்தில் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. அப்பாவுக்கு அறுபது ஆனால் பணி ஓய்வு, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைக்கு இலவசக் கல்வி 18 வயது வரை என்கிறது அதே 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவு. ஆட்டிசத்துக்கு மட்டும் ஓய்வு வயதை நிர்ணயிக்க மறந்துவிட்டீர்கள். ஆர்ச் கேட்டுக்கு வெளியே வாடகை வீட்டுக்குக் குடிபோன பிறகும், 24 வயதுப் பிள்ளை ஒருவன் மையத்திலிருந்து நழுவிப் பழைய குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நிற்கிறான். எங்கள் ஆயா போய்ப் பேசிப் பேசிக் கூட்டிவருகிறார். அந்த நடையை எழுதத் தங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

கேட்பது அதிகமில்லை. நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலிலேயே பாதி மானியம். டீச்சருக்கும் தெரபிஸ்டுக்கும் மாதா மாதம் சம்பளம். பதினெட்டைத் தாண்டியவர்களின் பகல்நேர மையத்துக்கும் செலவுத்தொகை. எங்கள் வகுப்பில் ஒரு அட்டை உண்டு. இடப்பக்கம் ‘முதலில்’, வலப்பக்கம் ‘பிறகு’. முதலில் பாசி கோர்க்கணும், பிறகு ஊஞ்சல். தங்களுக்கும் ஒன்று செய்திருக்கிறோம்: முதலில் பணம், பிறகு படிவம். படங்களை வெல்க்ரோவில் ஒட்டியிருக்கிறோம், தயவுசெய்து இடம் மாற்றி ஒட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
மையப் பொறுப்பாளர்

இணைப்பு: மேற்படி அட்டை (சான்றொப்பம் பெற்றது).