தொலைந்த திறப்பு: பழைய ஜப்பான் காரை முன்வைத்துச் சில ஆய்வுக் குறிப்புகள்

திறப்பு என்பது ஈழத்து வழக்கு. தமிழகத்தார் சாவி என்பர். சாவி போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் கதிரை, அலமாரி, பாண் ஆகியவற்றை அங்கே விட்டுச் சென்றனர். சாவியை மட்டும் கையோடு கொண்டுபோய்விட்டனர் போலும். இலங்கைத் தமிழில் பதிவான முதல் திறப்பு இழப்பு இதுவே எனக் கொள்ள இடமுண்டு. மறுப்பாரும் உளர். இந்தச் சொல்லாராய்ச்சி நடக்கும் வேளையில் தொலைந்த திறப்பை ஒருவரும் தேடுவதில்லை; ஆய்வுலகில் அது குறையாகக் கருதப்படுவதுமில்லை.

இழப்பு தன்வினை, பிறவினை என இருவகைப்படும். "திறப்பு துலைஞ்சுபோச்சு" என்று கணவன் கூறுவது முதல் வகை; இதில் திறப்பே எழுவாய், திறப்பே குற்றவாளி. "நீங்கள் துலைச்சுப்போட்டியள்" என்று மனைவி திருத்துவது இரண்டாம் வகை. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைக் குறிப்பினும் இரவுச் சாப்பாட்டின் சூடு வேறுபடும்.

தேடுமிடம் ஐந்து: காற்சட்டைப் பை, மறுபடி காற்சட்டைப் பை, சாமித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேற்புறம், பிள்ளைகள். ஐந்தும் பொய்த்தபின் கொச்சிக்கடை அந்தோனியார். காணாமற்போன பொருள்களுக்கு அவரே பொறுப்பு என்பதில் கத்தோலிக்கரிடையே கருத்து வேறுபாடில்லை. கொழும்பில் சைவரும் பௌத்தரும்கூட இந்த ஒன்றில் ஒத்துப்போகின்றனர்.

இனி வண்டி. இலங்கையில் 'ரீகண்டிஷன்' என வழங்குவது, ஜப்பானில் ஒருவர் ஓட்டிக் கழித்துக் கப்பலேறி வந்த கார். இரு நாட்டிலும் இடப்பக்க ஓட்டம் என்பதால் ஸ்டீயரிங் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார் வயதேற ஏற விலையும் ஏறியது. அத்தகைய கார் பல வேளை ஒற்றைத் திறப்போடு வந்து சேரும். மற்றது ஒசாகாவில் யாரோ ஒரு முதியவரின் மேசை லாச்சியில் கிடக்கிறது என்பது கராஜ் மரபினர் துணிபு. நகோயா என்போர் புதிய பள்ளியினர். திறப்பு பற்றிய முழு விளக்கமும் கொண்ட கைந்நூலோ பூட்டிய காருக்குள், டாஷ்போர்ட் பெட்டியில், ஜப்பானிய மொழியில் உள்ளது. ஆகவே அதை எவரும் மேற்கோள் காட்டலாம், எவரும் சரிபார்க்க முடியாது. ஆய்வேடுகளின் துணைநூற் பட்டியலில் இவ்வகை நூல்களுக்குத் தனி மதிப்புண்டு.

இவ்விடத்தில் அசரீரி பற்றிக் கூறியாக வேண்டும். திறப்பைத் திருப்பியதும் இக்கார்கள் பலவற்றில் ஒரு பெண்குரல், "ஈ.டீ.சீ. காடோ கா சோன்யூ சரெத்தே இமாசென்" என்று மிகுந்த பணிவோடு ஒலிக்கும். பத்தாண்டு கேட்டும் பொருள் அறியாதோர் இதற்குப் பலவாறு உரை செய்வர். வணக்கம் என்பது முதலுரை. சீட் பெல்ட் பற்றியது என்பது இரண்டாமுரை. கோயிலுக்குப் போகும் நாளில் வாழ்த்தாகவும், கடன் கட்டப் போகும் நாளில் எச்சரிக்கையாகவும் கொள்ளவேண்டும் என்பது, கைந்நூலின் எவரும் பாராத பதினொன்றாம் இயலுக்கு எவரும் எழுதாத விருத்தியுரையின் ஓரக்குறிப்பு. குரல் 'சோன்யூ'வில் சற்றே தழுதழுப்பது முதல் உரிமையாளரை நினைத்தே என்றும், அன்று, ஸ்பீக்கரில் தூசு என்றும் இரு கட்சிகள் உண்டு. இவை ஒன்றன் கருத்தரங்குக்கு மற்றது போவதில்லை. உண்மைப் பொருள், "ஈ.டீ.சீ. அட்டை செருகப்படவில்லை" என்பதே. ஜப்பானின் அதிவேக வீதிகளில் 2001 முதல் நடைமுறையில் உள்ள சுங்கக் கட்டண அட்டை அது. வவுனியா வீதியில் அதற்கு வேலையில்லை. எனினும் ஏதோ ஒன்று இல்லை என்று வண்டி நாள்தோறும் சொல்லியே வந்திருக்கிறது.

திறப்புச் செய்தல் இரு படிகளையுடையது: வெட்டுதல், பழக்குதல். திறப்போடு வரும் சிறு உலோகத் தகட்டில் பொறித்த இலக்கம் இருந்தால் வெட்டுதல் எளிது. தகட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று திறப்பு வளையத்திலேயே கோத்து வைப்பது பெருவழக்கு. அது இல்லாதவிடத்துக் கதவுப் பூட்டைக் கழற்றி உள்ளிருக்கும் தட்டைத் தகடுகளின் உயரத்தைப் படிக்கலாம். கைதேர்ந்தவர் அதையும் செய்யார். வெட்டாத திறப்பை விளக்குப் புகையில் கறுப்பாக்கிப் பூட்டில் விட்டு, மெல்லத் திருகி, வெளியே எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். கரியில் புள்ளியாக மினுங்கும் இடத்தில் அரம் இரண்டு இழுவை இழுக்கும். மறுபடி புகை, மறுபடி பூட்டு. சுற்றி நிற்கும் நால்வரும் இடையறாது ஆலோசனை கூறுவர். அவர் காதில் பென்சில் இருக்கும், கேள்வி இராது.

பழக்குதல், தலைக்குள் சிப் உள்ள திறப்புகளுக்கு மட்டும். சிப்புக்குப் பற்றரி இல்லை. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் தரும் மின்காந்த ஆற்றலில் விழித்துத் தன் அடையாளத்தைச் சொல்லும். இயந்திரக் கணினி ஏற்றால்தான் வண்டி ஓடும். டொயோட்டாவின் பழைய முறைகள் சிலவற்றில் புதுத்திறப்பை அறிமுகம் செய்ய முதன்மைத் திறப்பு வேண்டும். அதாவது, திறப்பைத் தொலைத்தவர் முதலில் தொலைத்த திறப்பைக் கொண்டுவரவேண்டும். இயலாதாயின் கணினிப் பெட்டியைப் பிரித்து அதன் நினைவுச் சிப்பைத் திருத்தி எழுதுவர்.

இத்துறையில் மெய்யான ஆய்வுகளும் உண்டு. 2005இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இவ்வகைச் சிப் ஒன்றின் 40 பிட் இரகசியத்தை உடைத்துக் காட்டினர். வேறொரு சிப் பற்றிய கட்டுரையை 2013இல் வெளியிடவிடாமல் ஃபோக்ஸ்வாகன் இங்கிலாந்தில் நீதிமன்றத் தடை பெற்றது. ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு 2015இல் அது வெளிவந்தது. ஒற்றை வாக்கியத்துக்கு அஞ்சி ஒரு நிறுவனம் வழக்காடியது என்ற செய்தி, நானூறு பக்கம் எழுதியும் ஒருவரையும் அசைக்காத பேராசிரியர்களைத் தூங்கவிடவில்லை.

நினைவு திருத்தி எழுதப்பட்டபின் பழைய திறப்பு அகப்பட்டால், அது கதவைத் திறக்கும். இயந்திரம் அதை அறியாது. புதிய திறப்பைத் திருப்பியதும் டாஷ்போர்டில் விளக்குகள் எரியும், இயந்திரம் இருமுறை செருமிப் பிடித்துக்கொள்ளும். பின் இருக்கையிலிருந்து பிள்ளைகள் கைதட்டுவர். அட்டை செருகப்படவில்லை என்று பெண்குரல் பணிவோடு கூறும்.